வால் தாழ்ந்துபோன மாணவன்



அந்தமானின் சாத்தம் ஒரு சின்னஞ்சிறு தீவு. பாலம் ஒன்று அதைத் தலைநகரோடு இணைக்கிறது. 1883-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மரம் அறுக்கும் ஆலையும், கப்பல்துறையும், பாலத்தின்மேல் ஓடும் வாகனங்களுமாய் ஓசை மிகுந்த இடம் அது. இத்தகைய இடத்தில் ஆறேழு இளம் நாய்களை ஒன்றாய் நிறுத்தி, "உட்கார்" என்று கற்பிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் துள்ளிக் குதித்த குட்டி, பின்பு தரையை மோந்துகொண்டு நிற்கும், கொட்டாவி விடும், எஜமானின் முகத்தைப் பார்க்கவும் மறுக்கும். "இது தேறாது" என்று நாமும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பினால் வீட்டை இழந்த நாய்கள் எத்தனை!

உண்மை என்ன? 2020-ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றை ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் சோதித்தார்கள். ஐந்து மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லுக்கு உடனே அமர்ந்த நாய், எட்டாம் மாதத்தில் அவருக்கே அதிகம் கீழ்ப்படிய மறுத்தது. அந்நியர் சொன்னபோதோ அப்படி மறுக்கவில்லை. ஆம், அது விடலைப் பருவம். அது கடந்துபோகும். அதற்குள் நாம் கைவிடாதிருப்பதே காரியம்.

குவாலியருக்கு அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் 1970 முதல் உள்ளது. வனவிலங்குக் கடத்தலைக் கண்டுபிடிக்கும் மோப்ப நாய்களை உருவாக்கும் திட்டம் 2008-இல் தொடங்கியபின், அதற்கான பல நாய்கள் இங்கே பயிற்சி பெற்றுள்ளன. ஆறு முதல் ஒன்பது மாத வயதுள்ள நாய்களே சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு வனப் பணியாளர்கள். பயிற்சிக் காலமோ பல மாதங்கள். நாம் "அடங்காத வயது" என்று வெறுக்கும் அதே வயதில்தான் அவை வேலை கற்றுக்கொள்கின்றன!

அப்படியானால் நம் குட்டியின் உற்சாகம் குன்றாதிருக்க என்ன செய்யலாம்?

முதலாவது, வெகுமதி. வீட்டில் பிஸ்கட் போதுமானதாயிருக்கலாம். கூட்டத்தின் நடுவிலோ அது ருசிக்காது. உப்பும் மசாலாவுமின்றி வேகவைத்து முள் நீக்கிய மீனையோ கோழி இறைச்சியையோ சிறு துணுக்குகளாக எடுத்துச் செல்லுங்கள். சரியாய்ச் செய்த அந்தக் கணமே கொடுங்கள். தாமதித்தால் எதற்காகப் பெற்றோம் என்பதை அது அறியாது. சில நாய்களுக்குத் தீனியைவிடப் பந்தே பெரிய பரிசு.

இரண்டாவது, தூரம். மற்ற நாய்களைக் கண்டு கவனம் சிதறினால் பத்தடி பின்வாங்கி, அங்கே எளிதான ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். கவனம் திரும்பியபின் மெல்ல நெருங்குங்கள்.

மூன்றாவது, ஓய்வு. வகுப்பு ஒரு மணி நேரமானாலும் குட்டியின் உழைப்பு ஓரிரு நிமிடங்களாகப் பிரிந்திருக்கட்டும். பிறருடைய முறை நடக்கையில் அது நிழலில் படுத்திருக்கட்டும். தீவின் புழுக்கத்தில் தண்ணீரும் காலை அல்லது மாலை வேளையும் அவசியம். வீட்டிலும் நாளுக்குச் சில முறை, மூன்று நிமிடம் வீதம் பழக்கினால் போதும்.

நான்காவது, அதட்டலும் அடியும் வேண்டாம். போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களைக் கவனித்த ஆய்வு 2020-இல் வெளியானது. தண்டித்துப் பழக்கிய பள்ளிகளின் நாய்களிடம், உதட்டை நக்குதல், கொட்டாவி முதலிய மனஅழுத்தக் குறிகள் மிகுதியாய்க் காணப்பட்டன. நாம் சோம்பல் என்று நினைத்த கொட்டாவி, பயத்தின் மொழியாகவும் இருக்கக்கூடும்.

மற்றொரு எச்சரிப்பு: அந்தமான் நிக்கோபார் தீவுகள் வெறிநோய் இல்லாத பகுதியாக நெடுங்காலம் அறியப்பட்டவை. மெயின்லாந்திலிருந்து குட்டி கொண்டுசெல்வோரும், குட்டியைக் கூட்டு வகுப்பில் சேர்ப்போரும் தடுப்பூசிகளை அசட்டை செய்யலாகாது.

கடைசியாக, ஒவ்வொரு வகுப்பையும் குட்டியால் செய்யக்கூடிய ஒன்றோடு முடியுங்கள். வெற்றியோடு வீடு திரும்பிய நாய், மறுவாரம் தானாகவே வாசலுக்கு ஓடிவரும்.

பெற்றோரே, வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை மற்றப் பிள்ளைகளின் முன்பாகக் கடிந்துகொண்டதுண்டா? அன்று அதன் முகம் வாடியதை நினைத்துப் பாருங்கள். பேசத் தெரியாத இந்த மாணவனும் நம் முகத்தையே பார்த்துக் கற்றுக்கொள்கிறான். அவனுக்காக இன்னும் சில மாதங்கள் பொறுத்திருப்போமா?