வேட்கையும் வாணிகமும்

உண்ணும் சோறும் பருகும் நீரும் உயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாதவை. பசி தீர்ந்தவன் மேலும் சோறு வேண்டான். தாகம் தணிந்தவன் மேலும் நீர் வேண்டான். இயற்கை வேட்கைக்கு இவ்வாறு ஓர் எல்லை உண்டு. ஆனால் கள், சாராயம், புகையிலை, சூது முதலியவற்றின்மேல் எழும் வேட்கையோ நுகருந்தோறும் வளரும் இயல்பினது. நேற்றுப் போதியதாயிருந்த அளவு இன்று போதாது. விட்டுவிட முயன்றால் உடல் நடுங்கும், உள்ளம் கலங்கும். மனிதன் ஒரு பொருளை ஆளும் நிலை மாறி, அப்பொருள் மனிதனை ஆளும் நிலையையே அடிமைப்பழக்கம் என்கிறோம். இப்பழக்கம் ஒருவனுக்கு எவ்வாறு உண்டாகிறது? அவனுடைய மனவலியின்மை ஒன்றுதான் காரணமா? விற்பவர்க்கும் அதிற் பங்கு உண்டா? இவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நம் முன்னோர் குடியை எவ்வாறு கருதினர் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு சிறந்த சான்று உள்ளது. வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர் என்னும் பழம்பதியை அடையலாம். அங்குள்ள வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர் வாரியங்களுக்குரிய உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், மாபாதகம் செய்தவரும் குடவோலைக்குரிய தகுதியை இழந்தனர். மாபாதகங்கள் ஐந்தனுள் கள்ளுண்டலும் ஒன்றாக எண்ணப்பட்டது. திருவள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டிடத்தும் குற்றம் உண்பவன்மேல் ஏற்றப்பட்டிருத்தலைக் காண்க.

அக்காலத்திற்கு அது பொருந்துவதே. ஏனெனில், அன்று போதைப் பொருளைப் பெருக்கி விற்றல் எளிதன்று. கள் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கப்படுவது. இறக்கிய ஒரு நாளிலேயே அது புளித்துக் கெடும். அதனைச் சேமித்து வைத்தலோ, தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஏற்றிச் செல்லுதலோ அரிது. பனையும் ஆண்டு முழுவதும் ஒரே வகையாகப் பாளை விடுவதில்லை. எனவே, விற்பவன் எத்துணைப் பேராசை உடையவனாயினும், இயற்கை அவனுக்கு வேலியாக நின்றது. அவ்வேலியை உடைத்தவை பிற்காலத்துப் பொறிகளும் பெருவாணிகமுமாம்.

இதற்குச் சிகரெட்டின் வரலாறு தக்க எடுத்துக்காட்டு. கையால் சிகரெட்டுச் சுருட்டும் தொழிலாளி ஒரு நாளில் இரண்டு மூவாயிரத்துக்கு மேற் செய்தல் அரிது. அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் பான்சாக் என்னும் இளைஞர் 1881 ஆம் ஆண்டில் ஒரு பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அப்பொறி ஒரு நாளில் ஏறக்குறைய 1,20,000 சிகரெட்டுகளைச் செய்து குவித்தது. இத்தனையையும் வாங்குவார் யார்? அன்று அத்தனை புகைப்போர் இலர். தேவை பிறந்தபின் பொருள் செய்தல் பழைய முறை. பொருளைச் செய்து குவித்தபின் தேவையைப் பிறப்பித்தல் புதிய முறை. அவ்வாறு பிறப்பிக்கும் கருவியே விளம்பரம். பெண்கள் பொதுவிடங்களிற் புகைப்பதில்லை என்பதைக் கண்ட ஒரு நிறுவனத்திற்காக, எட்வர்ட் பெர்னேய்ஸ் என்னும் விளம்பர வல்லுநர் 1929 ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகர ஊர்வலத்திற் பெண்கள் சிலரைப் புகைத்துக்கொண்டு நடக்கச் செய்தார்; சிகரெட்டுக்கு 'விடுதலைத் தீப்பந்தம்' என்று பெயருஞ் சூட்டுவித்தார். விடுதலை விரும்பிய உள்ளங்களுக்கு அடிமைத்தனத்தை விடுதலை என்று காட்டிய விந்தை இது!

புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950 ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் டாலும் ஹில்லும் எடுத்துக்காட்டினர். அதன் பின்னரும் சிகரெட்டு நிறுவனங்கள் பல்லாண்டுகள் ஐயத்தை விதைத்தே வந்தன. அவை மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2006 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தைத் தடுத்தது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜ தூரத்திற்குள்ளும், 18 வயது நிரம்பாதவர்க்கும் அவற்றை விற்றலாகாது என்றும் விதித்தது. பள்ளிக்கூட வாயிலைச் சட்டம் ஏன் தனித்துக் குறித்தது? இளமையிற் பற்றிய பழக்கம் முதுமைவரை விடாது என்பதை வணிகர் அறிவர். ஆதலின் சட்டஞ் செய்தோரும் அதனை அறிந்து அங்கே வேலியிட்டனர்.

இனி, அரசும் இவ்வாணிகத்தில் எவ்வாறு சிக்குண்டது என்பதைக் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சியில், சென்னை மாகாணத்தில், 1886 ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள்ளுக்கடை, சாராயக்கடைகளின் உரிமை ஏலம் விடப்பட்டது. மிகுந்த தொகைக்கு ஏலம் எடுத்தவன், அத்தொகையை மீட்க மிகுதியாக விற்றாக வேண்டும். மிகுதியாக விற்றால், அடுத்த ஆண்டு ஏலத் தொகையும் உயரும். இவ்வாறு குத்தகைக்காரன் ஆதாயமும் அரசின் வருவாயும் ஏழையின் குடத்திலிருந்தே பெருகின. இதனை எதிர்த்து 1921 ஆம் ஆண்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர்.

சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த இராஜாஜி, 1937 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மதுவால் வரும் வருவாய் நின்றால் கருவூலத்திற்கு யாது செய்வது? அக்குறையை நிரப்ப 1939 ஆம் ஆண்டில் அவர் விற்பனை வரியை ஏற்படுத்தினார். குடியை நிறுத்துதல் வேறு, குடியால் வரும் பணத்தை விடுதல் வேறு. பின்னதே அரிது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. 1948 ஆம் ஆண்டில் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971 ஆம் ஆண்டில் அது தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் விதிக்கப்பட்டுப் பின்னும் தளர்ந்தது. 1983 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003 ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையும் அதன்வயமாயிற்று. 2023-24 ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. குடிப்பவன் ஒருவனே மதுவுக்கு அடிமை என்று நாம் நினைத்தல் பிழை. கருவூலமும் அப்பழக்கத்திற்கு ஆட்பட்டுவிடுதல் கூடும்.

ஆயின், கடைகளை அடைத்தவுடன் தீங்கு ஒழிந்துவிடுமோ எனின், அதுவும் எளிதன்று. வேட்கை நிற்க விற்பனை மட்டும் நின்றால், கள்ளவழி திறந்துகொள்ளும். கடைகள் திறந்திருந்த காலத்திலேயே, 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விலை மலிவை நாடிய ஏழையரே பெரும்பாலும் அத்தகைய நஞ்சுக்கு இரையாகின்றனர். ஆதலின் சட்டமும், மருத்துவமும், வாழ்வாதாரமும், நல்லறிவும் ஒருங்கு சேர்ந்தாலன்றி இந்நோய் தீராது.

சமுதாயத்தின் மனப்பான்மையையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். தெருவில் விழுந்து கிடக்கும் ஏழையைக் 'குடிகாரன்' என்று இகழ்கிறோம். மாளிகையில் விருந்தினர்க்கு மதுக்கிண்ணம் நீட்டுபவரை 'நாகரிகம் உடையவர்' என்கிறோம். அளவோடு குடியுங்கள் என்று விற்பவரும் அறிவுரை கூறுகின்றனர். அவ்வறிவுரையால், அளவு கடந்தால் குற்றம் வாங்குபவனுடையது என்றும், ஆதாயம் மட்டும் தம்முடையது என்றும் அவர்கள் வகுத்துக்கொள்கின்றனர். இகழ்ச்சி ஒருவனைத் திருத்துவதில்லை. அது அவனை மறைவிடத்திற்குத் துரத்துகிறது. அவன் மனைவி மக்கள் நாணத்தால் உதவி நாடாது வாடுகின்றனர். கணவரைக் குடிப்பழக்கத்திற்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், அத்துயரில் அடங்கிவிடாது, 1980 ஆம் ஆண்டில் சென்னையில் அடிமைப்பழக்க மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார். குடிக்கு அடிமையானவரை நோயாளர் என்று கொண்டு மருத்துவம் செய்வதோடு, குடும்பத்தாரையும் அழைத்து ஆற்றுப்படுத்துவது அந்நிலையத்தின் முறை. இகழாது ஏற்றலே மருந்தின் முதற் பகுதி என்பதை அம்மையார் செயலாற் காட்டினார்.

மாணவர்களே! இன்று வேட்கையை விதைக்கும் வணிகம் கடைத்தெருவில் மட்டும் நிற்கவில்லை. உங்கள் கையிலுள்ள கைப்பேசியிலும் புகுந்துள்ளது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகள் அத்தகையன. ஸ்கின்னர் என்னும் உளநூலறிஞர் புறாக்களைக்கொண்டு ஓர் உண்மையை ஆராய்ந்து கண்டார். ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்துவந்த புறா, அது நின்றதும் விரைவில் முயற்சியை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று அறியமுடியாதபடி, சிற்சில முறையே தானியம் கிடைத்துவந்த புறாவோ ஓயாது கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரங்களும் இணையச் சூதும் இவ்வியல்பையே பயன்படுத்துகின்றன. முதலிற் சிறு தொகை வெல்லச் செய்வர். பின்னர் வெற்றியை இடைவிட்டுக் காட்டுவர். இடையில் ஆடுபவன் முதலிழந்து கடன்படுவான். 'பொறுப்புடன் விளையாடுக' என்னும் அறிவிப்பு மட்டும் விளம்பரத்தின் இறுதியிற் காதில் விழாத வேகத்தில் ஓடி மறையும். இக்கேட்டைக் கண்ட தமிழ்நாடு 2023 ஆம் ஆண்டில் இணையச் சூதினைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 2025 ஆம் ஆண்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது.

ஆயின், விற்பவர்மேலும் அரசின்மேலும் குற்றங் கூறிவிட்டுத் தனி மனிதன் தன் கடமையினின்று விலகிவிடலாகாது. நெருப்பு வைப்பவன் ஒருபுறம் இருக்க, வைக்கோற்போரைக் காக்கும் கடமை நமக்கும் உண்டு. எப்பொருளேனும் உங்களை நெருங்கும்போது சில வினாக்களை எழுப்புங்கள். இவ்வேட்கை என்னுள் பிறந்ததா, பிறர் என்னுள் விதைத்ததா? இதை நான் விரும்புவதால் எவர்க்கு ஆதாயம்? நாளை இதை விட்டுவிட விரும்பினால் விடமுடியுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பவன் எளிதில் வலையில் விழான். முன்னரே விழுந்தவரைக் கண்டால் இகழாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விற்பவரின் தந்திரத்தை அறிந்து விழிப்புற்றிருத்தலும், வீழ்ந்தவரின் துயரை அறிந்து கைகொடுத்தலும் ஒருங்கே பெற்ற சமுதாயமே அறிவுடைய சமுதாயம் எனப்படும்.