டிரிப்சின் பாட்டில் யார் கையில்?

புனே பக்கத்து ஆகுர்டியில் லோக்கல் ஏறினால் சிஞ்ச்வட், அடுத்து பிம்ப்ரி. 1954-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், நம் அரசின் பெனிசிலின் கம்பெனி, அங்கேதான். சிவாஜிநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கணேஷ்கிண்ட். பல்கலைக்கழக வளாகத்துக்குள் தேசிய செல் அறிவியல் மையம். நாட்டின் பல ஆய்வகங்களுக்கும் புற்றுநோய் செல்கள் இங்கிருந்து பார்சலாகப் போகின்றன. ஆமாம், பார்சல்! செல் வளரும் ரோஸ் நிறத் திரவத்தில் கிருமி அண்டாமலிருக்க வழக்கமாக என்ன சேர்ப்பார்கள்? பெனிசிலின்! பிம்ப்ரி நம்மை விடுவதாக இல்லை.

வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம். எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்று செல்கள் பிளாஸ்க்கின் அடியில் கும்பல் கும்பலாக ஒட்டிக் கிடக்கின்றன. இடம் நெருக்கடி, வேறு பிளாஸ்க்குக்கு மாற்ற வேண்டும். பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்து, உப்புக் கரைசலால் கழுவி (சீரம் மிச்சமிருந்தால் அடுத்து வரும் என்சைம் படுத்துவிடும்), டிரிப்சின் என்ற அந்த என்சைமை ஊற்றி, 37 டிகிரியில் சில நிமிடம். இப்போது மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வையுங்கள். தட்டையாகக் கிடந்த செல் ஓரம் சுருங்குகிறது, உருண்டையாகிறது, விளிம்பு பளபளக்கிறது. பிளாஸ்க்கின் பக்கத்தில் லேசாக ஒரு தட்டு. பொலபொலவென்று மிதக்கிறது மொத்தக் கூட்டமும்!

டிரிப்சின் நறுக்கியது ஒட்டுப் புரதங்களை. இதில் ஒரு சுவையான கதை உண்டு. 1970-களில் செல் ஆய்வாளர் மசாதோஷி டகெய்ச்சி கியோட்டோவிலிருந்து பால்டிமோருக்குப் போனார். ஊரில் டிரிப்சின் போட்டுப் பிரித்த செல்கள் மறுபடி ஒட்டிக்கொண்டன. அமெரிக்காவில் அடம் பிடித்தன. துப்புத் துலக்கினால், அங்கே டிரிப்சினோடு ஈ.டி.டி.ஏ கலந்திருந்தது. அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கால்சியம் கூட இருந்தால் ஒரு வகை ஒட்டுப் புரதம் டிரிப்சினுக்கு மசியாது. இல்லையென்றால் துண்டு துண்டுதான். பிற்பாடு அவர் ‘கேடரின்’ என்று பெயர் வைத்தது அந்தப் புரதத்துக்குத்தான்.

உடம்புக்குள் யார் டிரிப்சின் ஊற்றுகிறார்கள்? யாருமில்லை. புற்று செல்லும் அதன் அக்கம்பக்கமும் சொந்தமாகவே வெட்டும் என்சைம்களை வைத்திருக்கின்றன: ஏடாம்-10, எம்.எம்.பி-7 வகையறா. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஈ-கேடரினை இவை கத்தரித்துவிட, 80 கிலோடால்டன் துண்டு ரத்தத்தில் கலக்கிறது. உள்ளே அதோடு கட்டுண்டிருந்த பீட்டா-கேட்டனின் என்ற புரதம் அவிழ்ந்து, நியூக்ளியஸுக்குள் புகுந்து வளர்ச்சி ஜீன்களைக் கிளப்பிவிடவும் கூடும். எம்.டி.ஏ-எம்.பி-231 என்ற செல்லுக்கோ இந்தத் தொல்லையே இல்லை. அது ஈ-கேடரினைச் செய்வதே கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் அவை கூட்டம் சேராமல், நீள நீளமாகச் சிதறிக் கிடக்கும்.

என்சைமை அடைத்துவிட்டால் போச்சு, இல்லையா? 1990-களில் மாரிமாஸ்டாட் மருந்தோடு அதைத்தான் முயன்றார்கள். நோயாளிகளுக்கு மூட்டுவலிதான் மிச்சம், எதிர்பார்த்தபடி ஆயுள் கூடவில்லை. அந்த மருந்து எம்.எம்.பி-களில் ஆள் பார்த்து அடைக்கவில்லை. எம்.எம்.பி-8 கட்டிக்கு எதிராகவே வேலை செய்வது 2003-ல் எலிகளில் தெரியவந்தது.