வலைக்கண் என்ன அளவு?

அடையாறு முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் எவ்வளவு பிளாஸ்டிக் துகள் மிதக்கிறது? துகளை அள்ள இழுக்கும் வலையின் கண் 0.3 மில்லிமீட்டர் என்றால் ஒரு விடை, 0.1 என்றால் அதைவிடப் பெரிய விடை. துணி துவைக்கையில் கழன்று வரும் நூலிழைகளில் பல முதல் வலையில் நழுவிவிடும். ஒருவர் கன மீட்டருக்கும் மற்றவர் சதுர கிலோமீட்டருக்கும் கணக்குச் சொன்னாலோ, கேட்கவே வேண்டாம்.

சென்னையில் ஒப்பிட முடிந்த ஒரு கணக்கு உண்டு. வாளியும் குடமும் வார்க்க மூலப்பொருளாகும் பிளாஸ்டிக் குருணைகளை 2015 மார்ச்சிலும், நவம்பரில் வெள்ளத்துக்குப் பின்பும் நம் கடற்கரையில் சேகரித்தார்கள். நவம்பரில் மூன்று மடங்கு. கூவமும் அடையாறும் கொண்டுவந்தவை என்றது 2016இல் வெளியான அந்த ஆய்வு. இரு முறையும் ஆளுக்கொரு விதமாக அள்ளியிருந்தால் அந்த 'மூன்று மடங்கு' செல்லாது.

அது மணல், அள்ளும்வரை இருந்த இடத்தில் இருக்கும். கடல் அப்படியில்லை. காற்று கிளம்பினால் அலை துகள்களைக் கீழே அமுக்கிவிடும். மேற்பரப்பை வழித்துச் செல்லும் வலைக்குக் குறைவாகவே சிக்கும். கொந்தளிப்பான நாளில் கடல் சுத்தமாகத் தெரிவது இப்படித்தான்.

ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி எல்லோரும் ஒரே வலை வாங்க வேண்டும் என்று கேட்கவில்லை. கண் 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும், பாய்ந்த நீரை அளக்க வலை வாயில் மீட்டர் வையுங்கள், காற்றையும் அலையையும் குறித்துவையுங்கள் என்கிறது. பலரும் ஏற்கெனவே பயன்படுத்திய அளவு என்பதால் பழைய கணக்குகளும் வீணாகாது. நியாயம்தான், ஆனால் நழுவும் இழைகளுக்குத் தனியாக நீர் எடுத்தே ஆக வேண்டும்.

வலையை வெளிப்பக்கமிருந்து கழுவி, வால்முனைக் குடுவையைத் திறந்தால் மீன் முட்டை, இறால் குஞ்சு, சவுக்கு இலைத் துணுக்கு, நடுவே ஒரு பச்சை இழை. மீன்வலை நைலானா, பாசியா? கண்ணை நம்ப முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் உயிர்ப்பொருளைக் கரைத்து, அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் பார்க்க வேண்டும். ஏறிப்போன ஃபைபர் படகின் பெயின்ட் சில்லும், ஆய்வாளர் சட்டை நூலும்கூடக் கணக்கில் புகுந்துவிடும்.

கடல் குப்பையை ஆராயும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்துக்கு நேரே, மழைக்கு முன்னும் பின்னும், அதே இடத்தில் அதே வலை இழுத்தால் ஆறு கொட்டுவது எவ்வளவு என்று தெரியும். கூடவே இன்னொன்றும் எழுத வேண்டும்: அன்று முகத்துவாரம் திறந்திருந்ததா, மணல் மூடியிருந்ததா? மூடியிருந்த நாளின் எண்ணை வைத்து அடையாற்றைக் குறை சொல்லவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது.