பறவைகளும் நோய்க் காவலும்

நாம் குடியேறி வாழும் ஊர் இந்தூராயினும் தில்லியாயினும், உண்ணுமுன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கத்தை நம் இல்லங்கள் பல இன்னும் கைவிடவில்லை. அக்காக்கைகள் கூட்டமாக மடிந்து விழுமாயின், அபசகுனம் என்று கருதி ஒதுங்கிவிடுதல் தகுமா? தகாது. 2020-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஜனவரியிலும் இந்தூரிலும், ராஜஸ்தானத்து ஜாலாவாரிலும் காக்கைகள் மடிந்தன. பறவைக் காய்ச்சல் பரவியிருப்பதை முதலில் அறிவித்தவை அவையே.

இந்நோய்க்குக் காரணம் இன்ஃப்ளுயென்ஸா இனத்து வைரஸ் கிருமி. காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் குடலில் அது தங்கி, எச்சத்தின் வழியே ஏரிநீரில் கலக்கிறது. சுமந்து செல்லும் பறவை பல வேளைகளில் நோயுறுவதே இல்லை. ஆனால் எச்5என்1 போன்ற கொடிய வகை கோழிப்பண்ணையில் புகுந்தால் சில நாட்களில் பண்ணையே காலியாகும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் இந்நாடு அதை முதன்முதலாகக் கண்டது. மனிதருக்கு இந்நோய் அரிதாகவே தொற்றும். தொற்றினாலோ உயிருக்கே ஆபத்து.

ஆகவே காவல் இருவகைப்படும். மடிந்த பறவைகளைச் சோதிப்பது ஒன்று. நலமாயிருக்கும் பறவைகளின் தொண்டையிலும் கழிவாயிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தும், புதிய எச்சத்தைத் திரட்டியும் ஆராய்வது மற்றொன்று. குளிர் குலையாமல் அம்மாதிரிகள் போபாலிலுள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தால், கிருமியின் வகை தெளிவாகும்.

பறவை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிய வேண்டுமன்றோ? 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் புதுக் காய்ச்சல் ஒன்று தோன்றியது. அதன் கிருமி ருஷ்ய நாட்டுக் கிருமியொன்றை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் கொணர்ந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன், ஸலீம் அலி அவர்களின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தனர். ஐயம் மெய்ப்படவில்லை; எனினும் வலசைப் பாதைகளைப் பற்றிய அறிவு பெருகியது.

சோதனையின்றி முடிவு கூறலாகாது என்பதற்கு இரு ஏரிகள் சான்று. 2019 நவம்பரில் ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன. காரணம் வைரஸ் அன்று, பாக்டீரியா தோற்றுவித்த நஞ்சு. இமாசலப் பிரதேசத்துப் பாங் அணை ஏரியில் 2021 ஜனவரிக்குள் 4,000-க்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பட்டைத்தலை வாத்துக்கள். அங்கே கண்டது எச்5என்1. நம் கூந்தன்குளத்திற்கும் குளிர்காலத்தில் வந்து தங்கும் இனமே அது.

நோய்க்கு அஞ்சிப் பறவைகளை விரட்டுதல் பேதைமை. சிதறிய கூட்டம் நோயையும் சிதறச் செய்யும். பண்ணையில் நோய் உறுதியானால் சுற்றுப்புறத்துக் கோழிகளையெல்லாம் அழிக்க நேர்கிறது. செய்தி தாமதித்தால் ஏழைப் பண்ணையாளர் பலரின் பிழைப்பும் உடன் அழியும். எனவே, ஓரிடத்தில் பல பறவைகள் மடிந்து கிடக்கக் கண்டால் நாம் வெறுங்கையால் தொடாமல், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் விலக்கி, கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ உடனே அறிவிப்போம். அவ்வூர் மொழி நமக்குச் சரளமாக வாராவிடினும், இடத்தையும் எண்ணிக்கையையும் கூறினால் போதும். பிழைக்க வந்த ஊருக்கு நாம் ஆற்றக்கூடிய சிறு கடமை இது.