ஒத்திகையில் ஒலிக்குறி

அரங்கில் இடி இடிக்கும்போது அவ்விடி எங்கிருந்து வந்தது என்று காண்போர் எண்ணார். எண்ணும்படி நேர்ந்துவிடின் இடி தவறிற்று என்பதே பொருள். சென்ற கல்லூரி விழாவில் நம் மாணவர் ஷேக்ஸ்பியரது டெம்பெஸ்ட் நாடகத்தின் முதற் காட்சியை நடித்தபோது, ஒலிப்பகுதி எம் பொறுப்பில் விடப்பட்டது. அப்போது யாம் கற்றவற்றை, பட்ட வெட்கத்தையும் மறையாது, இங்கு எழுதுகின்றோம்.

அந்நாடகம் 1611ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் அரசர் முன் நடிக்கப்பெற்றதாகப் பதிவு உளது. பழைய ஆங்கில அரங்கினர் முரசறைந்தும், குண்டுகளை மரத்தொட்டிகளில் உருட்டியும் இடி எழுப்பினர். பிரிஸ்டல் நகரில் 1766இல் திறக்கப்பெற்ற அரங்கின் மேற்கூரைக்குள் அத்தகைய தொட்டி ஒன்று இருக்கின்றது. 2016இல் லியர் அரசன் நாடகத்துக்காக அதில் மீண்டும் குண்டுகள் உருண்டன. உருட்டும் கையின் இடத்தில் இன்று கணினி நிற்கின்றது. எப்போது உருட்டுவது என்னும் வினாவோ மாறவில்லை.

யாம் பயன்படுத்தியது 2006இல் முதன்முதல் வெளிவந்த கியூலேப் என்னும் மென்பொருள். மாக் கணினியிலன்றி வேறெதிலும் அஃது இயங்காது. அதில் ஒவ்வோர் ஒலியும் ஒரு கியூ, ஒலிக்குறி என்போமாக. குறிகள் மேலிருந்து கீழாகப் பட்டியலில் நிற்கும். ஸ்பேஸ் பார் விசையை அழுத்தினால் முறை வந்த குறி ஒலிக்கும். அடுத்தது தானே முன்வந்து காத்திருக்கும். ஒலியைத் தணிப்பதும் தனியொரு குறியே என்பதைப் புதியவர் மறந்துவிடுவர். கடலோசை எழுவது ஒரு குறி. மாலுமி வாய் திறக்கையில் அவ்வோசை தாழ்வது மற்றொன்று.

ஒரு குறி தொடங்கியபின் இத்தனை நொடி கழித்து அடுத்ததும் தானே தொடங்குமாறு பிணைத்து வைக்கவும் இம்மென்பொருளில் வழியுண்டு. இவ்வழியே எம்மை மயக்கிற்று. அறையில் தனியே அமர்ந்து, கடல், ஆறு நொடியில் இடி, மேலும் இருபது நொடியில் பேரிடி எனச் சங்கிலி கோத்தோம். அறையில் அஃது எத்துணை அழகாயிருந்தது! ஒத்திகையிலோ மாலுமித் தலைவன் நான்கு நொடி தாமதித்து வந்தான்; இடி அவன் சொல்லின்மீது விழுந்தது. மறுநாள் அவன் இடியை எதிர்பார்த்து வாய் மூடி நின்றான். நடிகர் அனைவரும் எம் கடிகாரத்துக்கு அடிமையாயினர். அன்றிரவே சங்கிலியை அறுத்தோம். மின்னலொலிக்கும் அதனைத் தொடரும் இடிக்கும் உள்ள பிணைப்பை மட்டும் விட்டு வைத்தோம், அவ்விரண்டுக்கும் இடையே நடிகர் எவரும் பேசாமையின். ஏனைய இடிகள் ஒவ்வொன்றையும் ஒரு சொல்லுக்கோ ஓர் அசைவுக்கோ உரியதாக்கினோம். கடலோசை, யாம் நிறுத்தும்வரை திரும்பத் திரும்பச் சுழலுமாறு அமைந்தது.

மேலும், ஒத்திகை நேர்வழியிற் செல்வதன்று. இயக்குநர் திடீரென்று, "மீண்டும் ஒன்பதாம் குறியிலிருந்து" என்பார். ஒன்பதை மட்டும் அழுத்தினால் கடலற்ற வெளியில் இடி மட்டும் கேட்கும். கடல் முதற் குறியில் எழுந்து நான்கில் தாழ்ந்ததன்றோ? முதற் குறியை மீண்டும் தொடங்கினாலோ, தாழ்த்திய அளவு நிலையாது. கடல் பழைய முழக்கத்தோடே எழும். யாம் இதனைச் சீர்செய்யும்வரை இருபது மாணவர் ஈர உடையோடு காத்து நின்றனர். பின்னர், காட்சியைத் தொடங்கக்கூடிய ஒவ்வோரிடத்திலும் எவ்வொலி எவ்வளவில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைக் கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டோம். அதன்பின் மீள்வதற்கு அரை நிமிடமும் ஆகவில்லை.

இதனினும் பெரிய பிழையொன்று உண்டு. ஆறாம் குறிக்கும் ஏழாம் குறிக்கும் நடுவே காற்றோசை ஒன்றை ஓரிரவு சேர்த்தோம். பட்டியல் ஒழுங்காயிருக்கட்டும் என்று அதற்குக் கீழுள்ள எண்கள் யாவற்றையும் மாற்றினோம். மேடை நிர்வாகியாயிருந்த மாணவியின் பிரதியில் பழைய எண்களே இருந்தன. மறுநாள் அவர் பத்தாம் குறியிலிருந்து தொடங்கச் சொன்னார். எம் பட்டியலிற் பத்து இப்போது வேறொரு குறி. அவர் முறைப்படி, "ஒலி பத்து, ஆயத்தம்" என்றார். "ஆயத்தம்" என்றோம். "ஒலி பத்து, கோ" என்றார். அழுத்தினோம். எவரும் பிரார்த்தனைக்கு இறங்குமுன்னரே கப்பல் பிளந்தது. கூடம் நகைத்தது, அம்மாணவி தம்மையே நொந்துகொண்டார். குற்றம் எம்முடையது. ஆறரை என்று எண்ணிட மென்பொருள் இடந்தருகின்றது, அவ்வாறு செய்திருக்கலாம். நீக்கிய குறியின் எண்ணையும் வெற்றிடமாகவே விடுதல் நன்று. பிறர் கைப்பிரதியில் ஏறிவிட்ட எண்ணை மாற்ற நமக்கு உரிமையில்லை.

கோ என்னும் அவ்வாங்கிலச் சொல்லை ஹெட்செட்டில் வேறெதற்காகவும் உரைத்தலாகாது. தமிழில் அரசனைக் குறிக்கும் அவ்வொலி அங்கும் அரசோச்சுகின்றது போலும்!

ஒலியளவைக் கருவியருகே அமர்ந்து தீர்மானித்தல் வீண். காண்போர் இருக்கையில் அமர்ந்தே கேட்டல் வேண்டும். கூடம் நிறைந்தபின் உடல்களும் உடைகளும் ஒலியை உண்டுவிடுமாதலின் சிறிது உயர்த்தவும் நேரும். நாடக நாளில் எவரும் பட்டியலைத் திருத்தவியலாதபடி மென்பொருளைப் பூட்டி, கணினியின் அறிவிப்பொலிகளையும் அடக்கிவிடுக. அனைத்தும் கைமீறினால் எஸ்கேப் விசை எல்லா ஒலியையும் மெல்லத் தணித்து நிறுத்தும்; அதனை ஒருமுறை ஒத்திகையிலேயே அழுத்திப் பார்த்துக்கொள்க.

விழா மாலையில் மாலுமித் தலைவன் ஓரிடத்தில் வசனம் மறந்தான். கடல் சுழன்றுகொண்டேயிருந்தது. எம் விரல் விசையின்மீது நின்றது. ஹெட்செட்டில் அம்மாணவியின் மூச்சொலி மட்டும் கேட்டது. அவன் கயிற்றைப் பற்றி இழுப்பதுபோல் நடித்து, சொல்லை நினைவுகூர்ந்து உரைத்தான். "கோ" என்றார் அவர். இடி இடித்தது.