எல்லைக் கிராமங்களில் ஹிப்-ஹாப்: இசை வரலாறு பேச ஓர் உள்ளூர் வானொலி

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. சென்னையில் உருவான 'ராப்' பாடலும் கேரளத்தில் உருவான 'ராப்' பாடலும் இங்குள்ள இளைஞர்கள் பலருக்கு மொழிபெயர்ப்பு இன்றியே புரிகின்றன. ஆனால், பாடியவர் யார், அவருக்கு முன்னோடி யார், அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்பதைக் கைப்பேசிச் செயலிகள் எடுத்துச் சொல்வதில்லை. பாடல் முடிந்தவுடன் அடுத்த பாடல் தொடங்கிவிடுகிறது.

ஹிப்-ஹாப் இசைக்கு வரலாறும் முகவரியும் தேடித் தந்ததில் உள்ளூர் வானொலி நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இரு மொழி எல்லைப் பகுதிக்கும் அத்தகைய நிகழ்ச்சி பொருந்தும். அதற்கான சட்ட வழி தில்லியில் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

நள்ளிரவு வானொலி

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, ஜமைக்காவில் இருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். பாடலின் தாளப் பகுதியை மட்டும் இரு தட்டுகளின் உதவியால் நீட்டித்து ஒலிபரப்பும் அவரது உத்தியே ஹிப்-ஹாப் இசையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஏழ்மையில் வாடிய கறுப்பின, லத்தீன் இளைஞர்களின் குரலாக அது வளர்ந்தது.

பெரிய வானொலிகள் தொடக்கத்தில் இந்த இசைக்கு இடம் தரத் தயங்கின. 1982-இல் 'மிஸ்டர் மேஜிக்' என்ற தொகுப்பாளர், நியூயார்க்கின் டபிள்யூ.பி.எல்.எஸ். வானொலியில் ராப் இசைக்கென்றே தனி நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். 1990-இல் கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ ஆகிய இருவரும் தொடங்கிய நள்ளிரவு நிகழ்ச்சி 1998 வரை நீடித்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாஸ், ஜே-இசட், நட்டோரியஸ் பி.ஐ.ஜி. ஆகியோர் பெயர் பெறாத காலத்திலேயே அந்த ஒலிவாங்கி முன் பாடினர். நேயர்கள் அதை ஒலிநாடாவில் பதிவு செய்து ஒருவருக்கொருவர் கைமாற்றிக் கொண்டனர். ஒரு மாணவர் வானொலி ஓர் இசை வகையின் ஆவணக் காப்பகமாகவே மாறியது.

தமிழில் வந்த வழி

தமிழ் ரசிகர்களுக்கு ராப் முதலில் திரைப்படம் வாயிலாகவே பரவலாக அறிமுகமாயிற்று. 1994-இல் வெளியான 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடல் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தது. திரைக்கு வெளியே தனித்த இயக்கமாக அது வளர்ந்தது மலேசியத் தமிழரிடையே. 'பொயட்டிக் அம்மோ' குழுவில் இருந்த யோகி பி, 'நட்சத்ரா' குழுவினருடன் இணைந்து 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு கடல் கடந்து தமிழகத்திலும் வரவேற்பைப் பெற்றது.

தமிழகத்தில் இந்த வரலாற்றுக்கு வானொலியே ஒரு திருப்புமுனை தந்தது. 2011-இல் தனியார் பண்பலை வானொலி ஒன்றில் 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி பாடிய பாடலின் காட்சிப்பதிவு இணையத்தில் காட்டுத் தீயாய்ப் பரவியது. பெண்களைச் சாடும் அதன் வரிகள் கண்டனத்துக்கும் உள்ளாயின. அடுத்த ஆண்டே அக்குழுவின் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப் இசையையும் சாதி எதிர்ப்புக் குரலாக இணைத்தது.

கேரளத்திலும் இதே காலத்தில் மலையாள ராப் வேரூன்றியது. 2009-இல் உருவான 'ஸ்ட்ரீட் அகாடமிக்ஸ்' குழு அதன் முன்னோடிகளுள் ஒன்று. 2020-இல் வேடன் பாடிய 'வாய்ஸ் ஆப் தி வாய்ஸ்லெஸ்', ஒடுக்கப்பட்டோரின் குரலாகப் பேசப்பட்டது. மலப்புரத்தில் பிறந்த ஹனுமான்கைண்ட் 2024-இல் வெளியிட்ட 'பிக் டாக்ஸ்' ஆங்கிலப் பாடல், அமெரிக்காவின் பில்போர்டு முன்னணிப் பட்டியலில் இடம்பெற்றது.

பெயர் விடுபட்டால்...

வரலாறு பேசுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. தீ, அறிவு ஆகியோர் பாடி 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாடல் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தன் பாட்டியின் வாழ்வை நினைவில் வைத்து அதன் வரிகளை எழுதியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டைப்படத்தில் அவர் இடம்பெறாதது பெரும் சர்ச்சையானது. புகழ்பெற்ற பாடலுக்கே இந்த நிலை என்றால், எல்லைக் கிராமத்தில் நண்பனின் கைப்பேசியில் பாடலைப் பதிவு செய்யும் இளைஞனின் பெயரை யார் குறித்து வைப்பார்கள்?

எல்லையின் செவி

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரையையும் இணைக்க வேண்டும் என்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. நிலத்தில் கோடு விழுந்தது, காற்றில் விழவில்லை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-இல் தொடங்கப்பட்டது எல்லைக்கு அருகில் உள்ள நாகர்கோவிலில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பகுதியின் இசை மரபும் எளிதானதன்று. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006-இல் பாடி, பெண்கள் அங்கு பாடுவதில்லை என்ற நூற்றாண்டு கால வழக்கத்தை மாற்றிய பாறசாலை பொன்னம்மாள், கர்நாடக இசைக் கலைஞர் நெய்யாற்றின்கரை வாசுதேவன் ஆகியோர் தங்கள் ஊரின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்தே புகழ் சேர்த்தனர். தென் திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டும் கதைப்பாடல்களும் தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் அமைந்தவை. 17-ஆம் நூற்றாண்டுப் போரில் மாண்ட வேணாட்டு வீரனைப் பாடும் 'இரவிக்குட்டிப் பிள்ளை போர்' அவற்றுள் ஒன்று. வில்லும் குடமும் உடுக்கையும் தாளம் தர, தலைவர் கதை சொல்ல, பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடும் கலை அது. ஹிப்-ஹாப் வேறு மண்ணில் பிறந்தது. இரண்டையும் ஒன்றெனக் கூற முடியாது. எனினும் தாளத்தின் மீது பேச்சை ஏற்றிக் கதை சொல்வதைக் கேட்க இவ்வூர்ச் செவிகள் முன்பே பழகியவை.

சட்டம் தரும் இடம்

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி தொடங்கியது. 2006-இல் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் உரிமம் வழங்க மத்திய அரசு முடிவு செய்தது. நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் தயாராக வேண்டும், வட்டார மொழிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அந்தக் கொள்கையின் நிபந்தனை. 2024-இல் விளம்பர நேரம் மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தப்பட்டது.

இவ்வகை நிலையத்தின் அலை பொதுவாக 10 முதல் 15 கி.மீ. வரை எட்டும். பாறசாலையில் இருந்து களியக்காவிளையும் நெய்யாற்றின்கரையும் ஏறத்தாழ இந்தத் தொலைவுக்குள்ளேயே அமைந்துள்ளன. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க அரசமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவு வழிவகை செய்கிறது. பள்ளிக்கு வெளியே அந்த மொழி இளைஞரின் நாவில் நிலைக்க, அவர்கள் விரும்பிக் கேட்கும் இசையே துணை நிற்க வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கல்லூரி ஒன்றோ, பதிவு பெற்ற தொண்டு அமைப்பு ஒன்றோ முன்வந்து விண்ணப்பிக்கலாம். வெளியீட்டு நிறுவனங்களின் பாடல்களுக்கு உரிமக் கட்டணம் செலுத்த நேரிடும். உள்ளூர்க் கலைஞர்களின் பாடல்களை அவர்கள் ஒப்புதலோடு ஒலிபரப்பலாம். வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒரு மலையாள ராப், ஒரு தமிழ் ராப், ஒரு வில்லுப்பாட்டு, அவற்றுக்கு இடையே பாடியவரின் பெயரும் ஊரும் ஆண்டும் ஒலித்தால், எல்லைக் கிராமத்தின் இளைய குரல்களுக்கும் வரலாற்றில் ஓர் இடம் உறுதியாகும்.