கடன் பட்டார் நெஞ்சம் – 14: நடுவில் நிற்பவர்

சிபில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தேடி வீட்டுக்கே ஒருவர் வருவார், அவரைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்தவர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டதால், கதையை அங்கிருந்தே தொடங்கலாம்.

மதுரையில் எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பவர் மெஷின் ஒன்றும் ஓவர்லாக் மெஷின் ஒன்றும் வாங்கி, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை. பஸ் ஸ்டாப் கம்பத்தில் ‘சிபில் பார்க்காமல் கடன்’ என்று ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து போன் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் பைக்கில் ஒரு பையன் வந்து நின்றான். ஆதார், பான், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டான். ‘ஃபைலை லாகின் பண்ண’ 6,500 ரூபாய் கேட்டான், கொடுத்தார். மூன்று வாரம் “சாங்ஷன் ஆயிருச்சுக்கா, டிஸ்பர்ஸ் மட்டும்தான் பாக்கி” என்றான். நான்காவது வாரம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஸ்டேஷனுக்குத் துணையாக நானும் போனேன். ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஜிபே பண்ணுனியாம்மா, கையில குடுத்தியா?”

“கையிலதான் சார்.”

“எந்த பேங்க்குன்னு சொன்னான்?”

“பெரிய பேங்க்குன்னு சொன்னான் சார்.”

மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கையில் பிடித்துக்கொள்ள ஒரு துரும்புகூட அவருக்கு நாங்கள் தரவில்லை. வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: “ஏன் தம்பி, இவனுகளுக்கு லைசென்ஸ் குடுக்குற ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும்ல? அங்க போய்ச் சொன்னா என்ன?”

அப்படி ஓர் ஆபீஸ் இந்தியாவில் இல்லை.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆக வேண்டுமென்றால் பரீட்சை எழுதித் தேற வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கு ஏ.ஆர்.என். என்று ஒரு பதிவு எண் உண்டு. மனைத் தரகர்கூட, 2016-ல் வந்த ரெரா சட்டத்தின் 9-வது பிரிவுப்படி பதிவு செய்துகொள்ளாமல், பதிவு பெற்ற திட்டத்தில் ஒரு பிளாட்டை விற்றுத்தர முடியாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்த பிளாட்டை வாங்க இருபது வருடக் கடனை ஏற்பாடு செய்து தருகிறாரே, அவருக்குப் பரீட்சையும் இல்லை, பதிவும் இல்லை. ஒரு விசிட்டிங் கார்டு போதும்.

அவர் நிற்கும் வரிசையைப் பார்த்தால் காரணம் புரியும். மேலே வங்கியோ நிதி நிறுவனமோ இருக்கும். அதற்கு ஆள் பிடித்துத் தர ஒப்பந்தம் போட்டவர் டி.எஸ்.ஏ. அவருக்கு ஃபைல் கொண்டுவந்து கொடுப்பவர் ‘கனெக்டர்’. கடன் தொகை கைமாறியதும் மேலிருந்து கமிஷன் இறங்கும், தொழிலில் அதற்கு ‘பேஅவுட்’ என்று பெயர். ரிசர்வ் வங்கியின் கை, வரிசையின் உச்சியில் இருப்பவரைத்தான் நேராகத் தொடும். வங்கியின் கணக்குகளை 1949-ம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படியும், நிதி நிறுவனத்தின் கணக்குகளை ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-என் பிரிவுப்படியும் புரட்டிப் பார்க்கலாம், அபராதம் போடலாம். ஏஜென்ட் செய்வதற்கெல்லாம் வங்கியே பொறுப்பு என்று 2006-லேயே எழுதி வைத்துவிட்டது. ஆனால், பைக்கில் வந்த பையனின் வீட்டுக் கதவைத் தட்ட அதற்கு வழியில்லை.

உச்சியைத் தட்டினால் அடிவரை அதிரும் என்பதும் உண்மைதான். 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், டிராக்டர் பறிமுதலின்போது ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்துபோனார். சில நாட்களுக்குள், செப்டம்பர் 22 அன்று, வெளி ஏஜென்ட்டுகளை வைத்து எந்த வசூலும் பறிமுதலும் செய்யக் கூடாது என்று மஹிந்திரா ஃபைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. ஓர் ஏஜென்ட்டின் பெயர்கூட அந்த உத்தரவில் தேவைப்படவில்லை. 2023 ஜனவரியில்தான் தடை நீங்கியது. இந்த வித்தை பலிக்க ஒரே நிபந்தனை: உச்சியில் இருப்பது யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாநிலச் சட்டங்கள்? கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊர் வழக்குச் சொற்களையே பிரிவுகளுக்குள் கொண்டுவந்த 2003-ம் ஆண்டுச் சட்டம், வட்டி வாங்குபவரைப் பிடிக்கும். 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், வசூலுக்கு வந்து அடாவடி செய்பவரைப் பிடிக்கும். நம் பையன் வட்டிக்கு விடவுமில்லை, மிரட்டவுமில்லை. “அக்கா, அக்கா” என்றே பேசிவிட்டுப் போனவன். மிச்சமிருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, பழைய 420.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பையன் மொபைல் ஆப் வடிவத்தில் வந்திருந்தால் சட்டம் கொஞ்சம் கூர்மையாகியிருக்கும். கொரோனா காலத்தில் லோன் ஆப்கள் ஆடிய ஆட்டத்தில், 2021 ஜனவரியில் சென்னை போலீஸ் பெங்களூரு வரை போய், சீனர்கள் இருவர் உட்படச் சிலரைக் கைது செய்தது. அதே மாதம் ரிசர்வ் வங்கி அமைத்த குழு, 81 ஆப் ஸ்டோர்களைத் துழாவி, சுமார் 1,100 கடன் ஆப்களை எண்ணி, அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்றது. 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. இடையில் நிற்கும் ஆப் கடன்தாரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, அதைக் கடன் கொடுப்பவரே தர வேண்டும். போனில் உள்ள தொடர்பு எண்களை மேயக் கூடாது. 2025 மே மாதத்து விதிகள் இன்னொரு படி மேலே போயின. பல நிறுவனங்களுக்கு ஆள் பிடிக்கும் ஆப், பொருந்தும் கடன்கள் அத்தனையையும் வட்டி விவரத்தோடு பக்கச்சார்பின்றிக் காட்ட வேண்டும். கமிஷன் அதிகம் தருபவரை மட்டும் முன்னே தள்ளக் கூடாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஃபைல் பிடிப்பவருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

பிரிட்டனில் கடன் தரகு செய்யவே நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தால் சிறைவரை போகும் குற்றம். முன்பணம் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டும் தரகர்கள் பெருகியபோது, அந்த ஆணையம் வழக்கமான கருத்துக் கேட்பைக்கூட ஒதுக்கிவைத்து, 2015 ஜனவரி 2 முதல் விதியை இறுக்கியது. நான் யார், எவ்வளவு கட்டணம், எப்போது என்று தெளிவாகச் சொல்லாத தரகர் ஒரு காசு வாங்க முடியாது. இங்கே 2024 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஒழுங்குமுறைக்குள் வராமல் கடன் கொடுப்பவர்களுக்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறை என்கிறது அது. கடன் கொடுப்பவர்களுக்குத்தான்.

அக்காவிடம் திரும்பி வருகிறேன். பணத்தை அவர் தலைமுழுகிவிட்டார். “ஆறாயிரம் போனது போகட்டும் தம்பி, அந்த ஜெராக்ஸெல்லாம் எங்க கிடக்கோ” என்பதுதான் இப்போது அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. கடன் தகவல் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. அவர் போனிலேயே எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பக்கங்களில் ‘என்கொயரி’ என்று ஒரு பட்டியல் வரும், நம் பெயரில் கடன் கேட்டு யார் யார் அறிக்கையைத் திறந்தார்கள் என்ற விவரம். கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தது. பையன் வந்துபோன மூன்றாம் நாள். தொகை, இரண்டு லட்சம்.

ஆக, ஃபைல் லாகின் ஆகியிருக்கிறது! பையனுக்கு மேலே ஒரு கனெக்டர், அவருக்கு மேலே ஒரு டி.எஸ்.ஏ., அதற்கு மேலே ரிசர்வ் வங்கிப் பதிவு பெற்ற ஒரு நிறுவனம். ‘இந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்த ஏஜென்ட் யார்’ என்று கேட்டு அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தேதியை அக்கா தன் அளவு நோட்டில், யாருடைய கைச்சுற்றளவுக்கோ பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். இன்றோடு பதினெட்டு நாள்.

(அடுத்த வாரம்: ஜாமீன் கையெழுத்து)